தராசடியில் ஒரு தகர டப்பா

நெல் மில்லில் எடை போடுகிறவனை, நெல் விற்க வந்தவர் ஒரு பக்கமும் வாங்க வந்தவர் ஒரு பக்கமும் நின்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். அது பழகிப்போகும், கூட வேலை செய்கிறவர்கள் பார்க்கிற பார்வைதான் பழகவே பழகாது.

இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. நம் சபையில் பலர் அங்கே ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், "எல்லாரும் செய்யறாங்கய்யா, நான் மட்டும் மாட்டேன்னா எப்படி?" என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். வயதானவனுக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியதும் கேள்விகள்தான் எனக்குக் கூடியிருக்கின்றன. ஆனாலும் நீங்கள் படுவதை நானும் பட்டவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், திருவள்ளூரில் ஒரு நெல் மில்லில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிது. என் மனைவி எஸ்தர் முழுகாமல் இருந்தாள். அந்த வேலை போனால் கையில் வேறு வேலை கிடையாது. அப்போது நடந்தவற்றில் சிலதைச் சொல்கிறேன்.

எங்கள் நெல்

மூட்டை தராசுக்கு வருமுன் அதைக் குத்தூசியால் குத்துவார்கள். உள்ளே குடைவாக இருக்கும் கூர்மையான இரும்பு அது. சாக்கில் செருகினால் நெல் சரசரவென்று உள்ளங்கையில் இறங்கும். தேய்த்து, ஊதி, கடித்துப் பார்த்து இன்ன ரகம், இவ்வளவு ஈரம் என்று சொல்வார்கள். பார்த்த நெல்லைத் திரும்ப மூட்டையிலேயே போட வேண்டும். எங்கள் மில்லில் அது தராசுக்கு அடியில் இருந்த ஒரு தகர டப்பாவில் விழும். எடைக்கு முன்பே எடுத்துவிடுவதால் அந்தப் பிடி நெல்லுக்கு விவசாயிக்கு ஒன்றும் கிடைக்காது. சாயங்காலம் டப்பாவைக் கவிழ்த்து, மூட்டை தூக்குகிறவர்களும் எடை போடுகிறவனும் பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

நான் சேர்ந்த அன்று மேஸ்திரி கன்னியப்பன் என் பங்கை என் துண்டில் கொட்ட வந்தார். மூட்டை சுமந்து சுமந்து கழுத்து தோளோடு சேர்ந்துபோன மனிதர். "எனக்கு வேண்டாம் மேஸ்திரி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அது விவசாயியோட நெல்லு" என்று சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். கன்னியப்பன் மட்டும் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "ஏம்ப்பா, எங்க நெல்லு உங்க ஊட்டு அடுப்புல வேவாதா?"

அன்றிலிருந்து என் பெயர் பாதிரி.

பூசணிக்காய்

ஆயுத பூஜை வந்தது. எடை போடுகிறவனே தராசுக்கு முன்னால் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்பது அந்த மில்லின் வழக்கம். இதுதான் எனக்கு வரப்போகிற பெரிய சோதனை என்று நினைத்தேன். தினமும் ஜெபம் செய்தேன். அவர்கள் இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்வது, அப்படிக் கேட்டால் அப்படிச் சொல்வது என்று ஒரு சின்னப் பிரசங்கத்தையே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். என்னால் முடிந்த மரியாதையாக, தராசைத் துடைத்து எண்ணெய் போட்டு, படிக்கற்களைப் புளி தேய்த்துப் பளபளவென்று வைத்தேன்.

"மேஸ்திரி, காயை நான் உடைக்க மாட்டேன்" என்று சொன்னேன். சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு வேறு சாமி இருப்பதில் அங்கே யாருக்கும் வருத்தமே இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அவர்களுடைய வருத்தம் எல்லாம் அந்தத் தகர டப்பாவைப் பற்றித்தான். என் பிரசங்கம் வீணாகிப்போனது. கன்னியப்பன் காயை வாங்கிக்கொண்டு சொன்னார்: "உன் சாமிக்கு நீ பயப்படற, எங்க சாமிக்கு நாங்க பயப்படறோம். இதுல இன்னா பேஜாரு? தள்ளி நில்லு, சட்டையில தெறிச்சா உங்க ஊட்டம்மா என்னத்தான் திட்டும்."

ஏலத்துக்கு ஒரு முடிச்சு

மூட்டை தூக்குகிறவர்களில் எட்டியப்பன் என்று ஒருவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனால் வாய் மட்டும் திருவிழாக் கடை மாதிரி ஓயாது. முந்தின வருஷம் எங்கள் கோயில் அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த காய்கறி, நெல்லை ஏலம் விட்டதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான். ஒரு கத்தரிக்காயை நாலு பேர் போட்டி போட்டு ஏலம் எடுத்ததை மில் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் அவன்தான். அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின நாள் துணியில் நெல் முடிந்து கொண்டுவந்து என் கையில் வைத்தான். "உங்க கோயிலுக்கு. ஏலத்துல வை." டப்பா நெல் என்று பார்த்ததும் தெரிந்தது. அதில் நாலு ரகம் கலந்திருந்தது.

மனுஷன் ஆசையாகக் கொடுக்கிறான். வாங்கினால் எடுத்த நெல்லைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். வாங்காவிட்டால் அவன் முகம் சுருங்கும். நான் நெளிந்தேன். "வேண்டாம் எட்டி, தப்பா நினைச்சுக்காதே" என்றேன். தப்பாகத்தான் நினைத்துக்கொண்டான். முடிச்சைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னான்: "உனக்கு வேணாம், சரி. உங்க சாமியை ஒரு வார்த்த கேட்டியா?"

புண்ணியம்

எடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்ப வேண்டும் என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது. யாரும் கேட்காமல் வருகிற இந்த மாதிரி யோசனைகளுக்குப் பயப்பட வேண்டும் என்று அப்போது தெரியாது. எல்லோரும் நாஷ்டாவுக்குப் போயிருந்த நேரம். தராசுக்குப் பக்கத்தில் கடம்பத்தூர் குப்பம்மாவின் மூட்டைகள் இருந்தன. புருஷன் இல்லாமல் தனியாளாக நிலம் பார்க்கிற அம்மாள் அவர். டப்பாவை எடுத்தேன், ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்தேன், கவிழ்த்தேன், கட்டினேன். மனசு லேசாகிவிட்டது.

குப்பம்மாவின் நெல் சன்ன ரகம். டப்பாவில் இருந்ததோ ஊரில் உள்ள மோட்டா ரகம் எல்லாம். பழவேற்காட்டிலிருந்து வந்து நெல் வாங்குகிற காசிம் பாய் அந்த மூட்டையைத்தான் முதலில் அவிழ்த்தார். "கலப்படம் பண்றவங்க அடியில வெப்பாங்க. இந்தம்மா தைரியமா மேலயே வெச்சிருக்கு" என்று சொல்லி விலையைக் குறைத்தார். குப்பம்மா வாயில் அடித்துக்கொண்டார். நான் முன்னால் போய் நடந்ததைச் சொன்னேன். பாய் நம்பவில்லை. திருடினேன் என்று யாராவது சொன்னால் நம்பலாம், திருப்பிப் போட்டேன் என்றால் எப்படி நம்புவது? கன்னியப்பன்தான் குத்தூசியை வாங்கி மூட்டையின் அடியில் குத்திக் காட்டினார். "உள்ள பாரு பாய், சுத்தம். மேல கெடக்கறது எங்க பாதிரி பண்ண புண்ணியம்." மேலே இருந்ததை வழித்துப் போட்டுவிட்டுப் பழைய விலையே தந்தார் பாய்.

நான் குப்பம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் கோபமெல்லாம் தீர்ந்து, பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "நீ திருடியிருந்தா ஒரு பிடியோட போயிருக்கும் நைனா."

முதலாளியின் அறை

குப்பம்மா வழியாக விஷயம் ஊருக்குப் போனது, ஊர் வழியாக முதலாளிக்கு வந்தது. அப்பாவுக்குப் பிறகு மில்லை எடுத்து நடத்துகிறவர். அவர் என்னை உட்காரவைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கன்னியப்பன் கொஞ்ச நாளாகக் கூலி ஏற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்; முதலாளிக்கு அது பிடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "நீ வேதக்காரன். உன் வார்த்தையை ஊரே நம்பும். கன்னியப்பன்தான் டப்பா வெச்சுத் திருடறான்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்த சொல்லு. அவனை அனுப்பிட்டு மேஸ்திரி வேலைய உனக்குக் குடுக்கறேன்."

"டப்பா இருக்கறது நிஜம் முதலாளி. நான் எடுக்கறதில்ல. மேஸ்திரிக்கு எதிரா நான் சொல்ல மாட்டேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். தப்பை மறைப்பவனும் தப்புச் செய்கிறவன்தானே? ஆனால் அவர் என்னிடம் கேட்டது உண்மையை இல்லை. அவருக்கு வேண்டாத ஒருவரை அனுப்ப, என் ஞானஸ்நானத்தை இரவல் கேட்டார். அப்போது இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவர் எழுந்து நின்றார்: "திங்கக்கெழம வரைக்கும் டைம். சொல்லலைன்னா உனக்கு வேலை கெடையாது. எடுக்கலைங்கற, பேரும் சொல்ல மாட்டேங்கற. அப்ப நீயும் அவனுங்க ஆளுதான்."

எஸ்தர்

வீட்டுக்கு வந்து சொன்னேன். எஸ்தர் முறத்தை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். வேறு எந்த மில்லில் ஆள் எடுப்பார்கள் என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினோம். எந்த மில்லிலும் எடுப்பதாகத் தெரியவில்லை. ஜெபம் பண்ணலாமா என்று கேட்டேன். பண்ணினோம். ஆமென் சொல்லி முடித்ததும் அவள் சொன்னது: "நெல்லு எடுக்காததுக்கு ஒரு பட்டினி, ஆளைக் காட்டிக் குடுக்காததுக்கு ஒரு பட்டினின்னு தனித்தனியா வேணாங்க, ரெண்டையும் சேர்த்து ஒரேயடியா இருந்துடலாம்."

ஒரு படி நெல்

நான் முதலாளி அறையிலிருந்து வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் கன்னியப்பன் என்னைக் கூப்பிட்டார். "உள்ள இன்னா பேசிக்கினு இருந்தே?" ஒன்றுவிடாமல் சொன்னேன், மேஸ்திரி வேலை தருவதாகச் சொன்னதையும். "அவ்ளோ பெரிய வேலைய வேணாம்னுட்டு வந்தியா? யாருகிட்ட கத வுடற?" என்றான் எட்டியப்பன். கன்னியப்பன் டப்பாவிலிருந்து ஒரு படி நெல்லை அளந்து என் முன்னால் வைத்தார். "நம்ம ஆளுன்னா இத எடுத்துக்கினு போ. திங்கக்கெழம எவன் வந்து கேட்டாலும் எல்லாரும் ஒண்ணா நிப்போம். உன்னைத் தனியா உட மாட்டோம்."

படிக்கிற சகோதரர்களே, உங்களுக்குத் தெரியும், மிரட்டுகிறவனை மறுப்பது சுலபம். கேலி செய்கிறவனையும் மறுத்துவிடலாம். வா, எங்களோடு இரு என்று அன்பாகக் கூப்பிடுகிறவனை மறுப்பதுதான் கொடுமை. அந்தப் படி நெல்லை எடுத்தால் எனக்கு நாலு அண்ணன் தம்பிகள் கிடைத்திருப்பார்கள். எனக்கு அப்படி யாரும் கிடையாது. கை நீண்டுவிடுமோ என்று பயந்து கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டேன் மேஸ்திரி. ஆனா இத எடுக்கவும் மாட்டேன்." ‘மற்றவர்களைப் போல நான் இல்லை’ என்று ஜெபித்த, வேதத்தில் வருகிற பரிசேயன் இப்படித்தான் நின்றிருப்பானோ என்று அந்த நிமிஷமே தோன்றியது. எட்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்: "தண்ணியிலயும் எறங்க மாட்டே, கரையிலயும் நிக்க மாட்டே. பின்ன எங்கதான்டா இருப்பே நீ?"

திங்கட்கிழமை

அறுவடைக் காலம். மில் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. முதலாளி தராசுக்கே வந்துவிட்டார். "சொல்றியா, போறியா?" என்றார். மூட்டை தூக்குகிறவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. "போறேன் முதலாளி" என்று சொல்லி, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு நடந்தேன். எஸ்தர் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

வண்டிகளைத் தாண்டுமுன் பின்னால் கன்னியப்பன் குரல் கேட்டது. "யோவ் பாதிரி, நில்லு." திரும்பினேன். தராசுக்கு அடியில் இருந்த டப்பாவை எடுத்து முதலாளியின் காலடியில் வைத்திருந்தார். "நான்தான் எடுக்கறேன். எங்க எல்லாருக்கும் பங்கு இருக்குது. அவன் மட்டும் ஒரு நெல்லு தொட்டதில்ல. அவன ஏன் அனுப்பற? உங்க நைனா இருக்கசொல்ல கூலி ஏத்திக் குடுன்னு கேட்டோம். 'குத்தூசி நெல்லு இருக்குதே, அத எடுத்துக்கினு போங்கடா'ன்னு சொன்னவரே அவருதான். நீயும் பக்கத்துல நின்னுக்கினு கேட்டியே." வண்டிகளில் இருந்த விவசாயிகள் எல்லோரும் கீழே இறங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர், தார்க்குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "அப்ப இத்தினி வருஷமா உங்க ஆளுங்களுக்கு நாங்களா கூலி குடுத்துக்கினு இருந்தோம்?"

கூட வந்து நில்

அந்தக் கேள்விக்குப் பிறகு அறுவடை சமயத்தில் முதலாளியால் யாரையும் அனுப்ப முடியவில்லை. என் சட்டை மறுபடியும் ஆணிக்கு வந்தது. டப்பா போய்விட்டது. விவசாயிகள் பக்கத்தில் நின்று, குத்தின நெல் திரும்ப மூட்டையில் விழுகிறதா என்று பார்த்தார்கள். விழுந்தது. நியாயம் நடந்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டில் அன்றாடம் உலைக்குப் போன நெல் நின்றுவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. என்னோடு பேசவும் இல்லை. நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். என் வேலையைக் காப்பாற்றியவர் தன் பங்கை இழந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்தபடி சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கூலி ஏறியது. டப்பா நெல்லுக்கு ஈடாக ஏறவில்லை, ஆனாலும் ஏறியது. அவர்கள் போய்க் கேட்டதால் ஏறியது. அப்படிக் கேட்கப் போனதற்கு முந்தின சாயங்காலம் கன்னியப்பன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். குழந்தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. வாசலில் நின்றபடியே எட்டிக் குழந்தையைப் பார்த்தார். எஸ்தர் காபி கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். "நாளைக்கி மொதலாளிகிட்ட கூலி கேக்கப் போறோம். நீயும் வரணும்" என்றார். என்னென்ன பேசலாம், எந்த நியாயத்தை முதலில் சொல்லலாம் என்று அங்கேயே கேட்க ஆரம்பித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்: "நீ ஒண்ணும் பேசாத. நீ பேசினா பிரசங்கமாப் பூடும். சும்மா எங்க கூட வந்து நில்லு."

மறுநாள் வாயைத் திறக்காமல் அவர்களோடு போய் நின்றேன். அந்த மில்லில் இருந்த வருஷமெல்லாம் மூட்டைகளைத் தூக்கினவர்கள் அவர்கள், தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும்தான் நான். ஆனாலும் சாயங்காலமானால் முதுகு வலிக்கிறது என்று எஸ்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.